வடக்கு பார்த்த பேனல்கள்

ஏப்ரல் 24

வேலையில் சேர்ந்துவிட்டேன். அம்மா கோன் வைண்டிங் பிரிவில் நூல் சுற்றுகிற அதே மில்லில், ஆபீஸ் கட்டடத்தில், எனக்கு ஒரு மேசை. மேசையின் மேல் 'மோகனப்பிரியா, பயிற்சிப் பொறியாளர், சோலார்' என்று ஒரு பலகை. ஒரு வருடம் பயிற்சி. அதன் பிறகு முதலாளி தலையாட்டினால் வேலை நிரந்தரம். ஆட்டாவிட்டால் பலகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் போன முதல் ஆள் நான். மேசை கிடைத்த முதல் ஆளும் நான்தான். அம்மா சாப்பாட்டு நேரத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வேலையாக இருந்தேன்.

வேலை இன்னும் எதுவும் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 28

முதல் மீட்டிங். மில்லுக்குப் பின்னால் உள்ள காலி நிலத்தில் சூரிய மின் நிலையம் வரப்போகிறது. பேனல்கள் லாரியில் வந்து இறங்கிவிட்டன. அவற்றை எந்தத் திசை பார்த்துச் சாய்ப்பது என்பதுதான் பேச்சு.

இது பேச்சே இல்லை. நம் ஊருக்குச் சூரியன் வருடத்தில் எட்டு மாதம் தெற்கே சாய்ந்துதான் போகிறது. ஆகவே பேனலைத் தெற்குப் பக்கம் சாய்ப்பார்கள். இரண்டாம் ஆண்டுப் பாடம், இரண்டு மதிப்பெண் கேள்வி.

மேசையைச் சுற்றி மூன்று பேர். முதலாளி பொங்கியண்ணன். ஜி.எம். சென்னியப்பன், முதலாளி பேசி முடிப்பதற்கு முன்பே ஒத்துக்கொள்கிறவர். மூன்றாமவர் ஏகாம்பரம், வாஸ்து நிபுணர். போனில் திசைகாட்டியைத் திறந்து மேசை நடுவில் வைத்திருந்தார். அது காட்டிய வடக்கில் பிஸ்கட் தட்டு இருந்தது.

"தெற்கு எமன் திசை. இத்தனை பேனலும் எமனைப் பாத்து நின்னா இந்தத் தொழிலுக்கு என்ன ஆகும்னு யோசிங்க. வடக்கு குபேரன் திசை" என்றார் ஏகாம்பரம்.

"பேனல் கம்பெனிக்காரன் போன்ல தெக்காலன்னானுங்களே" என்றார் முதலாளி, சற்றுச் சந்தேகமாக.

"அவன் குஜராத்காரனுங்க. நம்மூரு எமனப் பத்தி அவனுக்கு என்னங்க தெரியும்?" என்றார் சென்னியப்பன்.

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் தூக்குகிற மாதிரி. எனக்கு அந்த ஒரு வழிதான் தெரியும்.

"என்ன பாப்பா, பாத்ரூமா? மேல மாடில, எடது கைப் பக்கம்" என்றார் சென்னியப்பன்.

எழுந்து போனேன். போய்விட்டுத் திரும்பி வந்தபோது வடக்கு முடிவாகியிருந்தது.

மே 19

இன்று திறப்பு விழா. ஏகாம்பரம் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் விடியற்காலை நாலரைக்கு மேல் ஆறுக்குள். சூரிய ஒளி மின் நிலையத்தைச் சூரியன் வருவதற்கு முன்னால் திறந்து வைத்தோம். முதலாளி சுவிட்சை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. சென்னியப்பன் கை தட்டினார். நாங்களும் தட்டினோம்.

ஏகாம்பரம் மைக்கை வாங்கினார். "விருந்தாளி வர்றதுக்கு முன்னாடி நாம வாசலைத் திறந்து வைக்கணும். சூரிய பகவான் வந்து தட்டிட்டு நிக்கக் கூடாது" என்றார். அவ்வளவு அழகாகச் சொன்னதில் நானே ஒரு கணம் சரிதானே என்று நினைத்துவிட்டேன்.

ஏழு மணிக்கு மேல் இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்து மின்சாரம் வரத் தொடங்கியது. அப்போது எல்லாரும் பொங்கல் வடைப் பந்தியில் இருந்தார்கள். நான் மட்டும் நின்று பார்த்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் அதற்குக் கை தட்டலாமா என்று தோன்றியது. தட்டவில்லை.

ஜூன் 21

பக்கத்து மில்லிலும் இதே அளவில் ஒரு நிலையம் உண்டு. தெற்கு பார்த்தது. இந்த மாதம் நாங்கள் அவர்களைவிடக் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு அதிகமாக மின்சாரம் எடுத்திருக்கிறோம்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சித்திரையில் சூரியன் நம் தலைக்கு மேல் வரும். வைகாசி, ஆனி, ஆடியில் நம்மைத் தாண்டி வடக்கே போய் நிற்கும். மில் வாசல் கொடிக்கம்பத்தின் உச்சி வெயில் நிழல் இப்போது தெற்கே விழுகிறது. இந்த மூன்று நான்கு மாதம் வடக்கு பார்த்த பேனல் ஜெயிக்கத்தான் செய்யும். ஆவணிக்கு மேல் சூரியன் திரும்பிவிடும். மார்கழியில் நாலில் ஒரு பங்கு குறையும்.

ஏகாம்பரம் தனக்கே தெரியாத ஒரு காரணத்தால் ஜெயித்திருக்கிறார்.

முதலாளி பூரித்துப்போய் மில் முழுக்க ஜிலேபி கொடுத்தார். "அம்மிணி, நீயுஞ் சாப்புடு. நீதான எங்க சோலார் இன்ஜினியரு" என்று என் கையிலேயே தந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் ஜிலேபி இருந்தது.

ஜூலை 9

சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்திருக்கிறார். பெயர் சாய் கிஷோர். தொழில்நுட்பம், வணிகம், அரசுக் கொள்கை மூன்றையும் இணைத்துத் தூய எரிசக்தியை முன்னெடுப்பது அவருடைய வேலையாம். எங்கள் வடக்கு பார்த்த நிலையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு விமானத்தில் வந்திறங்கினார். 'பாரம்பரிய அறிவு சார்ந்த சூரிய ஆற்றல்' என்று அறிக்கை எழுதப்போகிறார். அரசாங்கம் அமைத்திருக்கிற வழிகாட்டிக் குழுவுக்கு அது போகும்.

ஜூன் மாத உற்பத்தியை என்னிடம் கேட்டார். சொன்னேன். அதைப் பன்னிரண்டால் பெருக்கினார்.

இந்த முறை சொல்லிவிட்டேன். அறையில் அவரும் நானும் மட்டும் இருந்ததால் முடிந்தது. "சார், பெருக்கக் கூடாது. ஆவணிக்கு மேல குறையும். மார்கழியில ரொம்பக் குறையும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், கோபப்படவில்லை. "மார்கழின்னா எப்போ?"

"டிசம்பர் சார்."

"நம்ம ரிப்போர்ட் செப்டம்பர்ல முடிஞ்சிடும், மோகனா" என்று ஆறுதலாகச் சொன்னார்.

ஜூலை 30

கோயம்புத்தூரில் பசுமை மாநாடு. ஏகாம்பரத்துக்கு 'மரபாற்றல் செம்மல்' விருது. மேடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவருடைய போனை வாங்கித் திசைகாட்டியைப் பார்த்தார்கள். எல்லார் போனிலும் அது இருக்கிறது.

என் வேலை, பொன்னாடைகளை வரிசையாகப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்பது. ஒழுங்காகச் செய்தேன்.

ஆகஸ்ட் 24

கொடிக்கம்பத்தின் நிழல் இன்று உச்சி வெயிலில் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. நாளையிலிருந்து வடக்கே நீளும்.

முதலாளிக்குச் சளி. அதனால் போய்ப் பேசவில்லை.

செப்டம்பர் 3

இரண்டாவது நிலையம் வருகிறது. முதலாவதைப் போலப் பல மடங்கு பெரியது. ஊருக்கு வெளியே நிலம் பார்த்தாயிற்று. தனியாக நிலையம் கட்ட முடியாத சிறு தொழில்காரர்கள் பத்து இருபது பேர் பங்கு போட்டு ஒரே நிலையத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். அதில் உற்பத்தியாகிற மின்சாரத்தை அரசின் கம்பி வழியாக அவரவர் கம்பெனியில் எடுத்துக்கொள்ளலாம். விதி அப்படி. நல்ல விதி. முதலாளி தலைமையில் சுற்றுவட்டாரத்துப் பனியன் கம்பெனிக்காரர்கள் சேர்ந்திருக்கிறார்கள்.

பூமி பூஜை ஐப்பசி பதினொன்றாம் தேதி, வாஸ்து பகவான் கண் விழிக்கிற நாள். அன்றைக்கே கான்கிரீட் போட்டுப் பேனலைத் தாங்குகிற கால்களை நடுவார்கள். அரசுக் குழுவின் தலைவி நேரில் வருகிறார். திருப்தியாக இருந்தால் மாநிலம் முழுக்க அரசுக் கட்டடக் கூரைகளுக்கும் இதே முறையாம்.

இதுவும் வடக்கு பார்த்ததுதான்.

சேர்ந்தவர்களின் பெயரைச் சென்னியப்பன் மீட்டிங்கில் படித்தார். குப்புராஜ் என்று ஒரு பெயர் வந்தது. குப்புராஜ் என் மாமா. அம்மாவின் தம்பி. பத்துப் பன்னிரண்டு தையல் மிஷின் வைத்துக் கூலிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிறார்.

வேறு குப்புராஜாக இருக்கலாம் என்று மதியம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 24

உற்பத்தி இறங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து மில் எங்களைத் தாண்டிவிட்டது. முதலாளி காரணம் கேட்டார். நான் எழுந்து நிற்பதற்குள் சென்னியப்பன் சொல்லிவிட்டார்: "கண்ணு பட்டுருச்சுங்க. பேப்பர்ல போட்டாங்கொ, டிவில காட்னாங்கொ. படாம என்ன பண்ணும்?"

சாயங்காலம் ஒரு பெரிய பூசணிக்காயில் ராட்சச முகம் எழுதி, கம்பத்தில் கட்டி, பேனல் வரிசைக்கு மேலே தொங்கவிட்டார்கள். அதன் நிழல் ஒரு பேனலில் விழுகிறது. ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அதனோடு கோத்திருக்கிற வரிசை முழுக்க மந்தமாகும்.

ஆக, இப்போது கண்ணும் பட்டிருக்கிறது, பூசணிக்காயும் பட்டிருக்கிறது.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. காலையில் வந்து பார்த்தபோது ஒவ்வொரு பேனலிலும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஒன்றுகூட விடவில்லை. மூலைக்கு மூலை திருநீற்றுப் பட்டை வேறு. தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது, நெற்றி நெற்றியாக.

இன்வெர்ட்டர் திரையில் எண்கள் விழுந்து கிடந்தன. வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு போனேன்.

"அடே, என்ன பாப்பா பண்ற? பூஜ பண்ணுன பொட்ட அழிக்கற?" சென்னியப்பன் ஓடி வந்தார்.

"வெயில் உள்ள போகாதுங்க சார்..."

"சாமி பொட்டு வெயில மறைக்குமா? வெள்ளிக்கிழம வரைக்கும் அப்படியே இருக்கட்டும். வாளிய வை."

வாளியை வைத்தேன். ஒரு பேனலைத் துடைத்து முடித்திருந்தேன். அது மட்டும் நெற்றி வெறுமையாக நின்றது. போகும்போது சென்னியப்பன் அதற்கு மறுபடி பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 8

முதலாளி அறைக்குப் போனேன். நானாகத்தான் போனேன், யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டுவதற்கு முன் சொல்ல வேண்டியதை இரண்டு வாக்கியமாகச் சுருக்கி வைத்திருந்தேன்.

"வா அம்மிணி, உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். அந்த நாற்காலி உட்கார்ந்தால் உள்ளே இழுக்கிற வகை. "உங்கம்மா நல்லாருக்கறாளா? முட்டி வலின்னு சொல்லிட்டிருந்தா. நீ வந்ததுக்கப்புறம் அவளுக்கு லைட்டான மிஷின் பாத்துக் குடுக்கச் சொல்லியிருக்கேன். நீ படிச்சு இங்கயே வந்து நிக்கறது எனக்கு எவ்வளவு பெரும தெரியுமா? போன வாரங்கூட அந்தக் கமிட்டி அம்மாகிட்ட சொன்னேன், எங்க மில் தொழிலாளி மகதான் எங்க சோலார் இன்ஜினியருன்னு." பிறகு அன்பாகக் கேட்டார். "சொல்லு அம்மிணி, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லைங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் சந்தோஷப்பட்டார். எனக்கு ஒரு டைரி கொடுத்தார். இதுவல்ல, வேறு.

அம்மாவின் முட்டிக்காகத்தான் பேசவில்லை. வேறு எதற்கும் அல்ல.

அக்டோபர் 20

தீபாவளி. குப்புராஜ் மாமா முறுக்கு, அதிரசத்தோடு வந்தார். புதுச் சட்டை, காலரில் விலைச்சீட்டின் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஏங் கண்ணு, இந்தச் சோலார்ல நானுஞ் சேந்துட்டேன், தெரியுமல்ல? கம்பெனிக் கட்டடத்த பேங்க்ல வச்சுட்டேன். கரண்டு செலவு பாதியாக் கொறஞ்சா நாலு மிஷின் எச்சாப் போட்டுக்கலாம். சோலார்காரங்க அல்லாரும் தெக்கால வெக்கறாங்க, உங்க மொதலாளி மட்டும் வடக்காலங்கறாரு. நீ படிச்சவ. ஒரே வார்த்தைல சொல்லு. எது சரி?"

அதிரசத்தைப் பார்த்தேன். அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"தெக்கால, மாமா."

"வடக்கால வச்சா?"

"இந்தக் கோடையில நல்லா வந்துச்சு. இனிமே வராது. வருஷக் கணக்குப் பாத்தா நஷ்டம்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்லயிருந்து."

"அப்பறம் ஏன்டி வாயத் தெறக்கல?"

அதிரசத்தை இரண்டாகப் பிட்டேன். அம்மாதான் வெளியே வந்தாள். "அவளத் திட்டாத, குப்பு. அவ சின்னதுல இருந்தே அப்படித்தான். பேச மாட்டா." எனக்காகப் பேசினாள் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். மாமா திட்டியதைவிட அது வலித்தது.

"அப்ப நான் பேசறேன். பூஜ அன்னிக்கு அந்தக் கமிட்டி அம்மா முன்னாலயே எந்திரிச்சுக் கேக்கறேன். என்ற அக்கா மக தெக்காலங்கறா, நீங்க ஏனுங்க வடக்காலங்கறீங்கன்னு."

"என் பேரச் சொல்லாதீங்க மாமா."

"உம் பேரச் சொல்லாம ஆரு பேரச் சொல்றது? எனக்கென்னடி தெரியும், பனியன் தைக்கறவனுக்கு!"

மாமா கேட்டால் அன்றைக்கே முதலாளி என்னைப் பார்ப்பார். சபை நடுவில் அவருக்கு அவமானம். அம்மாவுக்கு லைட்டான மிஷின் போகும், எனக்கு மேசை போகும். மாமா கேட்காவிட்டால் மாமாவின் கட்டடம் போகும். படுத்தும் தூக்கம் வரவில்லை. பட்டாசுச் சத்தம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அக்டோபர் 23

வியாழக்கிழமை. அம்மாவோடு சிவன் கோவிலுக்குப் போனேன். அம்மா அம்பாள் சன்னதியில் நின்றுவிட்டாள். நான் பிராகாரம் சுற்றி வந்தபோது தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி முன்னால் ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் துண்டு, கையில் கொண்டைக்கடலை மாலை. குருவுக்கு வாராவாரம் சாத்துவாராம். கண்ணை மூடி மனமுருகி நின்றார்.

அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றியது. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. கோவிலில் யாரும் கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ.

"சார், இவரு எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்காருங்க?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "தெற்கு. தெற்கு பாக்கறதாலதானேம்மா தட்சிணாமூர்த்தி."

"எமன் திசைங்களே சார்."

"குருவுக்கு எமன் என்னம்மா..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். மாலையைக் கையில் பிடித்தபடியே சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சிலையைப் பார்த்தார். அவரை முட்டாள் என்று இத்தனை நாள் எழுதி வைத்திருக்கிறேனே தவிர, அவர் முட்டாள் இல்லை.

"பேனலா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தலையாட்டினேன்.

"எவ்வளவு குறையும்?"

"மார்கழியில நாலுல ஒரு பங்கு."

"இதை ஏம்மா ஆரம்பத்துலயே சொல்லலை?"

"கையத் தூக்கினேன் சார்."

யோசித்தார். "ஆமா. பாத்ரூம் போனியே" என்றார்.

மாலையைச் சாத்தினார். சுண்டல் வாங்கி எனக்கும் கொடுத்தார். "முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அக்டோபர் 25

மீட்டிங். ஏகாம்பரம் வெள்ளை வேட்டியில் வந்தார். இரண்டு நாளாக ஏடுகளைப் புரட்டியதாகச் சொன்னார். தன் சொந்த லாபத்துக்கு நிறுவுகிற நிலையம் குபேரன் திசையாகிய வடக்கைப் பார்க்க வேண்டும். பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிற நிலையமோ குரு ஸ்தானம். குரு தெற்கு பார்த்துத்தான் அமர்வார். ஆகவே புதிய நிலையம் தெற்கு பார்க்க வேண்டும்.

"அப்ப எமன்?" என்றார் முதலாளி.

"குரு உக்காந்த எடத்துல எமனுக்கு என்னங்க வேலை?"

"நான் அப்பவே நெனச்சனுங்க" என்றார் சென்னியப்பன்.

சென்னையிலிருந்து வீடியோவில் சாய் கிஷோர் உணர்ச்சிவசப்பட்டார். பழையது வடக்கு, புதியது தெற்கு. இதற்கு 'இரட்டை அயன மாதிரி' என்று அப்போதே பெயர் வைத்தார். அறிக்கையின் இரண்டாம் பாகத்துக்கு வழி கிடைத்துவிட்டது. பழைய நிலையத்தையும் திருப்பலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு தப்புக்குப் பெயர் வைத்துவிட்டால் பிறகு அதைத் திருப்ப முடியாது போலிருக்கிறது.

மாமாவுக்குப் போன் செய்தேன். "தெக்கால ஆயிருச்சு மாமா."

"நீ பேசினியா கண்ணு?"

"ஆயிருச்சு மாமா" என்றேன் மறுபடி.

அக்டோபர் 28

பூமி பூஜை. பந்தல், நாயனம், தவில், இருநூறு நாற்காலி. முன்வரிசையில் அரசுக் குழுவின் தலைவி சுகந்தி மேடம். பருத்திப் புடவை, மடியில் சிறிய நோட்டு, யார் பேசினாலும் முகத்தைப் பார்த்துக் கேட்கிறவர். இரண்டாவது வரிசையில் பங்குதாரர்கள், நடுவில் மாமா. கடைசியில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் மில் தொழிலாளர்கள். அம்மாவும் அங்கேதான் நின்றாள்.

கால் நடுகிற குழிகள் வரிசையாகத் தோண்டியிருந்தன. நான் காலையில் வந்ததும் முதல் வேலையாகத் திசையைச் சரிபார்த்துவிட்டேன். தெற்கு.

ஏகாம்பரம் பேசினார். தட்சிணாமூர்த்தி, குரு ஸ்தானம், இரட்டை அயனம் எல்லாம் வந்தது. சுகந்தி மேடம் முழுக்கக் கேட்டார். பிறகு திரும்பிப் பார்த்து, "இந்த மில்லுக்கு ஒரு பெண் இன்ஜினியர் இருக்காங்கன்னு சொன்னாங்களே, எங்கே?" என்றார்.

முதலாளி பெருமையாக என்னைக் காட்டினார்.

"சாஸ்திரம் கேட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. இன்ஜினியரிங் என்ன சொல்லுது? ஏன் தெற்கு?"

மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இனிப் பேச அவசியமே இல்லை. குழி சரியாக இருக்கிறது, மாமாவின் கட்டடம் பிழைத்தது. 'சார் சொன்னதுதாங்க மேடம்' என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தால் போதும். சென்னியப்பன் தூரத்திலிருந்து 'சுருக்கமா, சுருக்கமா' என்று கையைக் காட்டினார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேடம், நம்ம ஊருக்கு வருஷத்துல எட்டு மாசம் சூரியன் தெற்கே சாஞ்சுதான் போகுது. அதனாலதான் தெற்கு."

என் குரல் ஒலிபெருக்கியில் வெளியே போய் எதிரொலித்துத் திரும்பி வந்தது. யாருடைய குரலோ போல இருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. "இதுல எமனும் இல்ல..." என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினேன்.

அதற்குள் ஏகாம்பரம் துள்ளி எழுந்துவிட்டார். "கேட்டீங்களா! சூரிய பகவானே எட்டு மாசம் தெற்கே போறார்! குருவைத் தேடித்தானே போறார்!"

பந்தல் முழுக்கக் கைத்தட்டல். முதலாளி கண்ணைத் துடைத்தார். சென்னையிலிருந்து வந்திருந்த சாய் கிஷோர் எழுதிக்கொண்டார். சென்னியப்பன் இதுதான் நேரம் என்று மேளக்காரர்களைப் பார்த்து விரலை ஆட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. முதல் குழியில் கான்கிரீட்டைக் கொட்டினார்கள்.

நான் நிறுத்தவில்லை. எமனும் இல்லை, குருவும் இல்லை, பழைய நிலையம் வடக்கு பார்த்து நிற்பது தப்பு, கோடையில் வந்த லாபம் சூரியன் நகர்ந்ததால் வந்தது, இந்த முறையை அரசுக் கட்டடங்களில் வைத்துவிடாதீர்கள், தட்சிணாமூர்த்தி யோசனையைக் கொடுத்ததும் நான்தான். எல்லாவற்றையும் மைக்கில் சொன்னேன். தவிலுக்கும் நாயனத்துக்கும் அடியில் கடைசி வார்த்தை வரை சொன்னேன். சுகந்தி மேடம் என் பக்கம் குனிந்து காதில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்துத் தலையாட்டி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். மாமா மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேளம் நின்றபோது நான் பேசி முடித்திருந்தேன். மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

பந்தியில் முதலாளி என் தலையில் கை வைத்தார். "நல்லாப் பேசுன அம்மிணி. சாஸ்திரத்த சயின்ஸ்ல நிரூபிச்சுட்ட. வருஷம் முடியற வரைக்கும் எதுக்கு, இந்த மாசத்துல இருந்தே உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லிட்டேன்." சாய் கிஷோர் வந்து, வரைவு வழிகாட்டியில் ஒரு வரி சேர்த்திருப்பதாகச் சொன்னார். நிலையத்தின் பொறியாளரும் மரபு முறையை உறுதி செய்தார் என்று.

சாயங்காலம் அம்மாவும் நானும் சேர்ந்து நடந்து வந்தோம். இந்த வேலையில் சேர்ந்த பிறகு இன்றுதான் முதல் தடவை. மில் வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தன பேரும் எந்திரிச்சுக் கை தட்னாங்களே, கண்ணு! கடைசில நின்னதுல எனக்கு ஒண்ணும் வெளங்கல, அப்பறம் மேளச் சத்தம் வேற. அப்படி என்னதான் சொன்ன?"

"சூரியன் தெக்கால போகுதுன்னு சொன்னேன்மா."

அம்மா நடப்பதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"அதுக்கா?"